கழுவாத பாத்திரங்களின் ஊர்

மத்திய அமெரிக்காவில் எல் சால்வடோர் என்று ஒரு நாடு இருக்கிறது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் பரப்பளவு. அதன் தலைநகரான சான் சால்வடோரிலிருந்து காரில் கிளம்பினால், இருபுறமும் கரும்புத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே சுமார் 36 கிலோமீட்டரில் ஹோயா தே செரென் என்ற இடத்துக்குப் போய்ச் சேரலாம். அங்கே கோபுரம் இல்லை, அரண்மனை இல்லை, ராஜா கல்லறை இல்லை. மண்ணுக்கு அடியில் ஒரு குடியானவர் கிராமம் இருக்கிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்பு ஒருநாள் மாலை, சாப்பிட்ட பாத்திரங்களைக் கூடக் கழுவாமல் ஊர் மொத்தமும் எழுந்து ஓடியிருக்கிறது. ஓடின நிலையிலேயே அந்த ஊர் அப்படியே நின்றுவிட்டது.

ஹூஸ்டனில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது அங்கே போய்வர வாய்த்தது. அங்கிருந்து விமானத்தில் மூன்று மணி நேரப் பயணம்தான். மருமகனுக்குக் கடற்கரை பார்க்க ஆசை, பேரனுக்கு எரிமலை. எனக்கு இந்தக் கிராமம். வேளாண்மைத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் சேலம், ஆத்தூர், ராசிபுரம் என்று கிராமம் கிராமமாகச் சுற்றியவனுக்கு வேறு எதில் ஆசை வரும்!

முதலில் இது எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1976இல் அந்த நாட்டு அரசாங்கம் தானியச் சேமிப்புக் கிடங்கு கட்ட அந்த இடத்தில் புல்டோசர் விட்டு மேட்டைச் சமன் செய்தது. மண்ணை வெட்டிய இடத்தில் ஒரு களிமண் தரையும் கூரையின் மிச்சமும் தெரிந்தன. கூரைப் புல் பார்ப்பதற்கு அவ்வளவு புதிதாக இருந்ததால், யாரோ சமீப காலத்துக் குடிசை என்று நினைத்து வேலையைத் தொடர்ந்திருக்கிறார்கள். சில கட்டடங்கள் அதிலேயே போய்விட்டன. இரண்டு வருடம் கழித்து, 1978இல், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேசன் ஷீட்ஸ் என்ற தொல்லியல் அறிஞர் அங்கே வந்தார். அவரும் முதலில் பழைய செய்தித்தாளோ பிளாஸ்டிக்கோ கிடைக்கும் என்றுதான் எதிர்பார்த்தாராம். கூரைப் புல்லைக் கார்பன் பரிசோதனைக்கு அனுப்பினார். வந்த முடிவு, 1,400 வருடம்.

நமக்குக் கணக்குப் புரிய வேண்டுமென்றால், இங்கே மகேந்திரவர்ம பல்லவன் குடைவரைக் கோயில்களை வெட்டிக்கொண்டிருந்த காலத்தை ஒட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். மகேந்திரவர்மனைப் பற்றி நமக்கு நிறையத் தெரியும். அவன் எழுதிய நாடகம்கூட நம்மிடம் இருக்கிறது. ஆனால் அவன் நாட்டில் ஏர் ஓட்டிய ஒருவன் வீட்டில் எத்தனை பானை இருந்தது, அரிவாளை எங்கே வைத்தான், ராத்திரிக்கு என்ன சாப்பிட்டான் என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல முடியாது. செரெனில் சொல்ல முடிகிறது. நான் அங்கே போனதற்கு அதுதான் காரணம்.

சொல்ல முடிவதற்குக் காரணம் அந்த எரிமலைச் சாம்பல் விழுந்த விதம். கிராமத்துக்கு வடக்கே சுமார் 600 மீட்டர் தூரத்தில்தான் பூமி பிளந்திருக்கிறது. லோமா கால்டேரா என்று அந்த வாய்க்குப் பெயர். பெரிய மலை ஒன்றும் இல்லை. ரியோ சூசியோ, அதாவது அழுக்காறு, என்ற ஆற்றின் அடியில் நெருப்புக் குழம்பு மேலே வந்து தண்ணீரைத் தொட்டிருக்கிறது. அதனால் முதலில் வந்து படிந்தது ஈரமான, மாவு போன்ற நைஸான சாம்பல். அது கொதிக்கும் தண்ணீரின் சூட்டுக்கும் குறைவாகவே இருந்ததால் செடியை எரிக்கவில்லை, சுவரைத் தள்ளவில்லை. ஈரக் களிமண்ணை வைத்து அழுத்தி அச்சு எடுப்போமே, அதுபோல ஒவ்வொன்றையும் சுற்றி இறுகிக்கொண்டது. அதன்மேல் தீயாய்க் கொதிக்கும் கற்கள் விழுந்தன, கூரைகள் பற்றி எரிந்தன. மறுபடி ஈரச் சாம்பல், மறுபடி கல். இப்படி 14 அடுக்குகள். ஐந்து மீட்டர் ஆழத்துக்கு ஊர் மூடிப்போயிற்று.

உள்ளே இருந்த செடிகொடிகள் காலப்போக்கில் மக்கிப் போய்விட்டாலும், அவை இருந்த இடம் சாம்பலுக்குள் வெற்றிடமாக நின்றது. தோண்டும்போது ஓட்டை தென்பட்டால் நிறுத்திவிட்டு, பல் டாக்டர்கள் அச்சு எடுக்கப் பயன்படுத்தும் வகை பிளாஸ்டரைக் கரைத்து அதில் ஊற்றுகிறார்கள். இறுகியதும் சாம்பலைச் சுரண்டி எடுத்தால் மக்காச்சோளத் தட்டை நிற்கிறது, கதிரோடு! காட்சிக்கூடத்தில் அப்படி ஒரு கதிரைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். மணி வரிசை எண்ணிவிடலாம்.

'அமெரிக்காக்களின் பாம்பேய்' என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பட்டம் பிடிக்கவில்லை. கி.பி. 79இல் மூடிப்போன அந்த இத்தாலிய நகரம் வேறு, இது வேறு. அங்கே செல்வந்தர் மாளிகைகள், குளியல் மண்டபங்கள், செத்துக் கிடந்த மனிதர்களின் உருவங்கள். இங்கே இதுவரை ஒரு மனித உடல்கூடக் கிடைக்கவில்லை. மாளிகையும் இல்லை. 200 பேர் வாழ்ந்த ஊராக இருக்கலாம் என்று கணிக்கிறார்கள்.

அகழ்ந்த குழிகளின் மேல் பெரிய பெரிய கூரை போட்டிருக்கிறார்கள். நாம் மேலே நடைபாதையில் நின்று கீழே பார்க்க வேண்டும், உள்ளே இறங்கக் கூடாது. எங்களுக்கு விளக்கம் சொல்ல வந்த பெண்ணுக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் வரும். என் மகளுக்கு வேலையிடத்தில் பழகிய ஸ்பானிஷ் நன்றாக வரும் என்பதால் அவள் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீடு அல்ல, தனித்தனியாக மூன்று சிறு கட்டடங்கள். படுக்க ஒன்று, சாமான் வைக்க ஒன்று, சமைக்க ஒன்று. அடுப்புப் பொறி பறந்து வீட்டுக் கூரையில் விழுந்துவிடக் கூடாது என்ற முன்யோசனை. நம் பக்கத்திலும் சமையல் கொட்டகையைத் தள்ளிப் போடும் வழக்கம் இருந்ததே. சுவர்கள் மண்ணால் ஆனவை. உள்ளே செங்குத்தாகக் குச்சிகளை நட்டு, இருபுறமும் களிமண் அப்பியிருக்கிறார்கள். நிலநடுக்கம் அடிக்கடி வரும் நாடு அது. கனமான வெறும் மண்சுவர் விழுந்தால் ஆள் காலி. குச்சி வைத்த மெல்லிய சுவர் ஆடும், விரிசல் விடும், ஆனால் தலையில் விழாது. எரிமலை வெடிப்பதற்குக் கொஞ்சம் முன்பு ஒரு சிறு நிலநடுக்கம் வந்து தரையில் விரிசல் விட்டிருப்பதைக் காட்டினார்கள். சுவர் நின்றுகொண்டுதான் இருக்கிறது.

கூரையை நான்கு பக்கமும் நன்றாக இறக்கிப் போட்டிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் இடத்தைவிடக் கூரைத் தாழ்வாரத்தின் அடியில் இருக்கும் இடம் அதிகம். பகல் முழுவதும் வேலை, பேச்சு எல்லாம் வெளியே அந்த நிழலில்தான் நடந்திருக்கும். படுக்கும் அறையில் களிமண்ணால் உயர்த்திக் கட்டிய திண்ணை. அதன்மேல் பாய் விரிப்பார்கள். எரிமலை வெடித்தபோது பாய் சுருட்டி மேலே சொருகியபடி இருந்திருக்கிறது. சாப்பாடு முடிந்துவிட்டது, பாத்திரம் கழுவவில்லை, பாய் விரிக்கவில்லை. அப்படியென்றால் நேரம் என்ன? சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு, படுப்பதற்கு முன்பு. வயலில் மக்காச்சோளம் முற்றிய நிலையைப் பார்த்து மாதம் ஆகஸ்ட் என்கிறார்கள். எந்த ஆண்டு என்பதில் ஆய்வாளர்களுக்குள் சில பத்தாண்டு வித்தியாசம் உண்டு. ஆனால் மாதமும் மணியும் தெரிகிறது! இப்படி வேறு எந்த ஊருக்குச் சொல்ல முடியும்?

கூரைப் புல்லுக்குள் அப்சிடியன் கத்திகளைச் சொருகி வைத்திருந்தார்கள். அது எரிமலைக் கண்ணாடிக் கல். உடைத்து எடுத்த விளிம்பு சவரக் கத்தி போல இருக்கும். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது என்று மேலே வைத்திருப்பார்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். என் மகள் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் நான், "எரவாணத்துல அருவா சொருகி வைக்கிற மாதிரி" என்றேன். எரவாணம் என்ற வார்த்தை என் மகளுக்கே தெரியவில்லை. இதைப் படிக்கும் உங்களில் பலருக்குத் தெரியும்.

சமையல் கொட்டகையில் மூன்று கல் அடுப்பு. கல் அம்மி, குழவி. இதில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. சில அம்மிகளைக் கவட்டைக் குச்சிகள் நட்டு அவற்றின்மேல் தூக்கி வைத்திருக்கிறார்கள். குனிந்தோ, உட்கார்ந்தோ அரைக்க வேண்டியதில்லை, நின்றபடியே அரைக்கலாம். என் அம்மா காலம் முழுதும் தரையில் போட்ட அம்மியில்தான் அரைத்தார். இந்த யோசனை நம் பக்கத்தில் எவருக்கும் ஏன் தோன்றவில்லை? எங்கள் வீட்டில் அரைப்பு மேஜைக்கு ஏறியது மிக்ஸி வந்த பிறகுதான்.

ஒரு வீட்டில் சுமார் 70 மண்பாண்டங்கள். சிவப்பும் கறுப்பும் வண்ணம் தீட்டிய அழகான கிண்ணங்களும் அதில் உண்டு. ஒரு குடியானவர் வீட்டில் இத்தனை பாத்திரம் இருக்கும் என்று அதற்கு முன் யாரும் நினைக்கவில்லை. ஏன் நினைக்கவில்லை என்றால், சாதாரணமாகத் தோண்டிக் கிடைப்பதெல்லாம் ஆட்கள் தூக்கிப் போனது போக, உடைந்து எறிந்த மிச்சம். அந்த ஓட்டாஞ்சில்லுகளைப் பார்த்து 'பாவம், ஏழைகள்' என்று எழுதிவிடுகிறோம். சுரைக்குடுக்கைகளும் வண்ணம் பூசி வைத்திருந்திருக்கிறார்கள். குடுக்கை மக்கிவிட்டது, வண்ணப் பூச்சு மட்டும் மெல்லிய தோல் போலச் சாம்பலில் நிற்கிறது. ஒரு கிண்ணத்தில் கடைசியாக வழித்துச் சாப்பிட்ட விரல் தடங்கள் இருப்பதாகச் சொன்னார்கள். கையால் சாப்பிடுகிறவனுக்கு அதைக் கேட்டபோது என்னவோ செய்தது. அதைப் பற்றி மேலே எழுத வரவில்லை.

சாமான் அறையில் பீன்ஸ், மக்காச்சோளம், மிளகாய் எல்லாம் இருந்தன. கூரையில் எலிகள். காலில் கயிறு கட்டிய ஒரு வாத்து. மனிதர்கள் ஓடிவிட்டார்கள், அதை அவிழ்த்துவிட நேரமில்லை. என் பேரன் பத்து வயதுப் பையன், அன்று முழுவதும் அந்த வாத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தான்.

இனி வயல். எனக்கு இதுதான் முக்கியம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டை ஒட்டியே தோட்டம், அதைத் தாண்டி வயல். மண்ணை மேடாக அணைத்துப் பார் பிடித்து, பாரின்மேல் மக்காச்சோளம். முற்றிய தட்டையைக் கதிருக்குக் கீழே ஒடித்துக் கவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். கதிர் தலைகீழாகத் தொங்கினால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது, செடியிலேயே காயும், வேண்டியபோது பறித்துக்கொள்ளலாம். களம் வேண்டாம், கிடங்கும் அவ்வளவு வேண்டாம். எல் சால்வடோர் விவசாயிகள் இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள். 1,400 வருடமாக மாறாத ஒரு பயிர்முறையை நான் வேறு எங்கும் நேரில் பார்த்ததில்லை.

2007இல் கிராமத்துக்குத் தெற்கே தோண்டும்போது வேறு மாதிரி அகலமான பெரிய பார்கள் தென்பட்டன. அதில் இருந்த வெற்றிடங்களில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்துப் பார்த்தால், மரவள்ளி. நம் ஊர்ப் பேச்சில் குச்சிக்கிழங்கு! மாயா உலகத்தில் மரவள்ளி பயிர் செய்தார்களா இல்லையா என்று அறிஞர்கள் பல காலம் வாதாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கிழங்கு மண்ணில் மக்கிவிடும், சாட்சி கிடைக்காது. இங்கே பாரோடு கிடைத்துவிட்டது. அதுவும் அறுவடை முடிந்து, அடுத்த போகத்துக்குக் குச்சி நட்டு, மண் அணைத்துச் சில மணி நேரமே ஆன நிலையில்.

சேலம் மாவட்டத்தில் குச்சிக்கிழங்கு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரில் வெளியிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றபோது நம் பக்கத்தில் எழுந்த தொழில் அது. எத்தனை குடும்பங்கள் அதில் பிழைத்தன! ஆனால் அந்தக் கிழங்கு நம்முடையது அல்ல, தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் கப்பலில் ஏறி வந்தது. மிளகாயும் அப்படியே, கொய்யாவும் அப்படியே, மக்காச்சோளமும் அப்படியே. இவை நான்கும் செரென் கிராமத்தில் இருந்திருக்கின்றன. கப்பல் வருவதற்கு 900 வருடத்துக்கு முன்பே. மகேந்திரவர்மன் சாப்பாட்டில் மிளகாய் கிடையாது, மிளகுதான்.

நாம் குச்சியைச் செங்குத்தாக, கணு மேல்நோக்கி இருக்கும்படி நடுவோம். அவர்கள் குச்சியைப் பாருக்குள் படுக்கப்போட்டு மூடியிருக்கிறார்கள். படுக்கப்போட்டால் வேர் மேலாகவே ஓடும், பிடுங்குவது சுலபம். காற்றுக்குச் செடி சாய்வதும் கொஞ்சம் அதிகம். ஏதோ காரணத்தோடுதான் செய்திருப்பார்கள். அரைமணி நேரம் நான் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததாக மகள் பிறகு சொன்னாள்.

இன்னொன்று. ஓர் இடத்தில் இரண்டு வயல்கள் அடுத்தடுத்து இருக்கின்றன, நடுவில் எல்லை தெரிகிறது. இந்தப் பக்கத்துப் பார்கள் ஒரு மாதிரி, அந்தப் பக்கத்துப் பார்கள் வேறு மாதிரி. உயரம் வேறு, ஒழுங்கு வேறு. இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே மண்ணில், ஒரே பயிரைத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் அவரவர் பாணியில். ஷீட்ஸ் இதிலிருந்து எடுத்த முடிவு, மேலே நின்று 'இப்படிப் பார் பிடி, அப்படி நடு' என்று உத்தரவு போட்ட அதிகாரி யாரும் இல்லை, ஒவ்வொரு குடியானவனும் தன் நிலத்தில் தானே முடிவெடுத்திருக்கிறான் என்பது. மாயா நாகரிகம் என்றாலே பிரமிடு, அரசன், பலி, அவனுக்கு அடங்கிக் கிடந்த ஏழைக் குடிகள் என்றுதான் புத்தகங்களில் படித்திருக்கிறோம். அந்த எண்ணத்துக்கு இந்த இரண்டு வயல்கள் பெரிய பதில். நான் வேலை பார்த்த காலத்தில் பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள் ஒருவர் முறையை ஒருவர் கேலி பேசியது எத்தனையோ கேட்டிருக்கிறேன். அந்த எல்லை வரப்பைப் பார்த்தபோது அந்தக் கேலிப் பேச்சு காதில் விழுந்தது போல இருந்தது.

அவர்கள் எதை வாங்கினார்கள், எப்படி வாங்கினார்கள் என்பதும் தெரிகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் தன் தேவைக்கு மேல் ஒன்று விளைந்திருக்கிறது, அல்லது செய்யப்பட்டிருக்கிறது. ஒரு வீட்டில் அம்மிக்கல், ஒரு வீட்டில் வண்ணச் சுரைக்குடுக்கை. இன்னொரு வீட்டுத் தோட்டத்தில் வரிசையாகக் கற்றாழை. நம்மூர் ரயில் பாதை ஓரத்தில் இருக்குமே, நார் எடுக்கும் கற்றாழை, அந்த இனம். அவ்வளவு நாரும் கயிறும் ஒரு வீட்டுக்குத் தேவையில்லை, விற்கத்தான். அதைக் கொடுத்து அப்சிடியன் கத்தி, பச்சைக்கல் கோடரி, வண்ணக் கிண்ணம் ஆகியவற்றை வெளியிலிருந்து வாங்கியிருக்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் சந்தை ஒன்றுக்கு மேல் இருந்ததால், ஓர் ஊர்ப் பெரிய மனிதன் அடாவடி செய்தால் வேறு ஊர்ச் சந்தைக்குப் போயிருப்பார்கள் என்கிறார் ஷீட்ஸ். இது அவருடைய ஊகம்தான். ஆனால் கிழங்கு விலையை ஆலைக்காரர் சொன்னதுதான் விலை என்று நின்ற நம் விவசாயிகளைப் பார்த்தவன் என்ற முறையில், அந்த ஊகம் சரியாக இருக்க வேண்டும் என்று மனசு ஆசைப்படுகிறது.

பொதுக் கட்டடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே இரண்டு திண்ணைகளோடு பெரிய கட்டடம் ஒன்று, ஊர்ப் பஞ்சாயத்து பேசும் இடமாக இருக்கலாம். பெரிய பானை ஒன்றும் அங்கே இருந்தது. பேச்சு முடிந்து கள் போல ஏதாவது ஊற்றியிருப்பார்கள். திருவிழாச் சாமான்கள் வைத்திருந்த இன்னொரு கட்டடத்தில், தலையில் வைத்து ஆட மான் மண்டையோடு, சிவப்பு வண்ணம் பூசி, கட்டும் கயிறோடு. பலகணி வைத்த ஒரு சின்னக் கட்டடம், குறி சொல்லும் பெண் இருந்த இடமாம். அவளிடம் வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போன சின்னச் சின்னப் பொருட்கள் அங்கே கிடந்தன. அப்புறம் நீராவிக் குளியல் அறை. தெமஸ்கால் என்கிறார்கள். தடித்த மண்சுவர், மேலே குவிந்த மண் கூரை, நடுவில் அடுப்பு. பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரலாம். அதேபோல ஒன்றைப் பக்கத்தில் புதிதாகக் கட்டி வைத்திருக்கிறார்கள், உள்ளே நுழைந்து பார்க்கலாம். வாசல் சின்னது, தவழ்ந்துதான் போக வேண்டும். மருமகனும் பேரனும் போனார்கள். என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

இவ்வளவு கிடைத்த ஊரைத் தோண்டும் வேலை பல வருடம் நின்றுபோயிருக்கிறது. எல் சால்வடோரில் 1980 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். சுமார் 75,000 பேர் செத்தார்கள். அதில் பெரும்பாலோர் கிராமத்துச் சனங்கள். போர் உச்சத்தில் இருந்தபோது ஆய்வை நிறுத்திவிட்டு, 1980களின் கடைசியில்தான் மறுபடி தொடங்கினார்கள். 1992 ஜனவரியில் சமாதான ஒப்பந்தம். அடுத்த வருடமே, 1993இல், யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. அந்த நாட்டில் அந்தப் பட்டம் பெற்ற இடம் இது ஒன்றுதான்.

அந்த ஒப்பந்தம் நடந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று அந்தப் பெண்ணிடம் மகள் மூலம் கேட்டேன். சின்னக் குழந்தை என்றாள். அவளுடைய அம்மா ஊர், வடக்கே ஒரு மலைக் கிராமம். போரில் ஒருநாள் ராத்திரி கிளம்பி வந்தவர்கள் திரும்பப் போகவே இல்லையாம். "அடுப்பில் பீன்ஸ் வெந்துகொண்டிருந்தது என்று பாட்டி சொல்வாள்" என்றாள். ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய விளக்கத்தில் வரும் வரி அல்ல அது. சொல்லிவிட்டு உடனே அடுத்த குழிக்கு நடந்துவிட்டாள்.

ஒரு சிக்கல் இருக்கிறது. இதுவரை 18 கட்டடங்கள் அடையாளம் காணப்பட்டு, அவற்றில் 10தான் முழுவதுமாகவோ பகுதியாகவோ தோண்டப்பட்டிருக்கின்றன. ஏன் எல்லாவற்றையும் தோண்டவில்லை என்று மருமகன் கேட்டார். சாம்பலுக்குள் இருக்கும்வரை மண்சுவருக்கு ஒன்றும் ஆகாது. வெளியே எடுத்த நாளிலிருந்து ஈரம், வெயில், பாசி, பூச்சி, செடி வேர், நிலநடுக்கம் என்று ஒவ்வொன்றாகத் தின்னத் தொடங்கிவிடும். கூரை போட்டாலும் காற்றில் இருக்கும் ஈரம் ஏறி இறங்குகிறது. நாங்கள் பார்த்த சுவர்களிலேயே சில இடங்களில் விளிம்பு உதிர்ந்திருந்தது. தோண்டினால் தெரிந்துகொள்ளலாம், ஆனால் இழந்துகொண்டே இருக்க வேண்டும். தோண்டாவிட்டால் பத்திரமாக இருக்கும், ஆனால் என்ன இருக்கிறது என்றே தெரியாது. மருமகனுக்கு எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும் என்ற கட்சி. நான் எதிர்க்கட்சி. இன்னும் நூறு வருடம் கழித்து வருகிறவர்களிடம் நம்மைவிட நல்ல கருவி இருக்கும். 1976இல் புல்டோசர்தான் இருந்தது, 2007இல் பிளாஸ்டர் இருந்தது. அந்த வாத்து எங்கும் போகாது, அவர்களுக்காகக் காத்திருக்கட்டும்.

கடைசியாக ஒரு பாதை. 2011இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். இதற்கும் முன்னால் இலோபாங்கோ என்ற பெரிய எரிமலை வெடித்து அந்த வட்டாரத்தையே வெண்சாம்பலால் மூடியிருந்தது. அந்தச் சாம்பலையே எடுத்துக் கெட்டித்துப் போட்ட வெள்ளை நிறப் பாதை இது. சுமார் இரண்டு மீட்டர் அகலம், இருபுறமும் தண்ணீர் வடிய வாய்க்கால். ஒரு எரிமலையின் மிச்சத்தில் போட்ட பாதையில், இன்னொரு எரிமலை துரத்த ஓடியிருக்கிறார்கள். பாதையின் ஓரத்தில் காலடித் தடங்கள் பதிந்திருக்கின்றன. அவற்றில் பல தெற்கு நோக்கிப் போகின்றன. எரிமலை வாய் வடக்கே.

எத்தனை பேர் தப்பினார்கள் என்று பேரன் கேட்டான். பாதை தெற்கே இன்னும் நீள்கிறது, அந்தப் பகுதி சாம்பலுக்கு அடியில்தான் இருக்கிறது, இன்னும் திறக்கவில்லை என்றாள் அந்தப் பெண். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த கூட்டம் வாசலில் காத்திருக்கிறது என்று சொல்லிக் கைகொடுத்துப் போனாள்.